ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு

"பதினஞ்சு கேள்வி. பதினோரு நிமிஷம். ரஃப் பேப்பர்ல ஒரு புள்ளிகூட இல்ல." நிதானம் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "நானே கமிட்டியில இருந்தாலும் உங்களைச் சந்தேகப்படுவேன் சிஸ்டர்."

எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் தலையை நிமிர்த்தவில்லை. இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருந்தாள். வெள்ளை யூனிஃபார்மின் பையில் தெர்மாமீட்டர் இன்னும் செருகியிருந்தது. காலை மணி பதினொன்று. விசாரணை மாலை நாலுக்கு.

"அஞ்சு மணி நேரம் இருக்கே சார். நாம பாதிக் கேஸை இதைவிடக் கம்மி நேரத்துல கெடுத்திருக்கோம்" என்றாள் ஜன்னலோரம் நின்றிருந்த விசில்.

நிதானம் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் துருவிவிட்டு, இப்போது தனியாகத் துப்புத் துலக்குபவர். அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேச மாட்டார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விசில் அவருடைய உதவியாளர். முன்னாள் பஸ் கண்டக்டர். வேலையை விட்டு ஆறு வருஷமாகியும், நாலு பேர் சேர்ந்து நின்றால் "உள்ள நகருங்க, உள்ள நகருங்க" என்று வாய் தானாகச் சொல்லும்.

விஷயம் இதுதான். நிர்வாகப் படிப்புக்கான பொதுத் தேர்வு. ஆறாயிரம் பேர் எழுதி இருநூறு பேர் தேறுவார்கள். மூன்று வருஷமாக வார்டு வேலைக்கு நடுவே படித்து நர்ஸ் அதை எழுதினாள். வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு இதுதான் கடைசித் தடவை. தேறியும்விட்டாள். பிறகு தேர்வு வாரியத்திலிருந்து இந்தக் கடிதம் வந்தது. கணக்குப் பகுதியில் அவளுக்குப் பதினாலு சரி, ஒன்று தப்பு. பக்கத்து ஸீட்டில் எழுதிய லிஃப்ட் மெக்கானிக்குக்கும் பதினாலு சரி, ஒன்று தப்பு. ரெண்டு பேரும் தப்பு விட்டது ஒரே கேள்வியில். போட்ட தப்பு விடையும் ஒன்றே.

"கடிதம் வந்து எட்டு நாள் ஆச்சே. ஏன் இன்னிக்கு வர்றீங்க?"

"விளக்கம் எழுதிப் போட்டேன் சார். உண்மையைத்தானே எழுதியிருக்கோம், போதும்னு நெனச்சேன். நேத்து பதில் வந்துச்சு. 'ஏற்க இயலாது'ன்னு ஒரே வரி."

"அந்த ஆளை முன்னப்பின்ன தெரியுமா?"

"ஸ்கிரீனைத் தவிர எதையும் பாக்கல சார். மூஞ்சிகூட ஞாபகம் இல்ல."

நிதானம் பென்சிலை உருட்டினார். "முதல்ல ரஃப் பேப்பரைப் பாப்போம். எதுவுமே எழுதாம எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

"அது போட வேண்டிய கணக்கே இல்ல சார். டேட்டா சஃபிஷியன்சி. ஒரு கேள்வி இருக்கும், கீழ ரெண்டு தகவல் இருக்கும். விடை என்னன்னு கேக்க மாட்டாங்க. அந்தத் தகவலை வெச்சு விடை கண்டுபிடிக்க முடியுமா, அவ்வளவுதான் கேப்பாங்க. ஒண்ணு மட்டும் போதுமா, ரெண்டும் சேர்ந்தா போதுமா, ரெண்டும் சேர்ந்தாலும் போதாதா... இப்படி அஞ்சு கட்டம் இருக்கும். ஒண்ணைத் தொடணும்."

"விடை தெரிய வேணாம், தெரிஞ்சுக்க முடியுமான்னு தெரிஞ்சா போதுமா?" விசில் வியந்தாள். "எங்க டிப்போ மேனேஜர் பென்ஷன் வாங்கற வரைக்கும் இந்த வேலையத்தான் பாத்தாரு."

நிதானம் ஒரு காகிதத்தில் கிறுக்கி அதைப் பார்த்துப் படித்தார். "ஒரு வார்டுல பெண் நோயாளிங்க எத்தனை பேர்? தகவல் ஒண்ணு, ஆணும் பெண்ணும் சேர்த்து மொத்தம் இருபத்தாறு. தகவல் ரெண்டு, பெண்கள் ஆண்களைவிட நாலு பேர் அதிகம்."

"ரெண்டும் சேர்ந்தா போதும்" என்றாள் நர்ஸ்.

"பதினஞ்சு!" என்றாள் விசில், ஒரு மூச்சு தள்ளி.

"உன்கிட்ட யாரு விடை கேட்டா? பாத்தியா, நீ கணக்குப் போட்ட. அவங்க போடவே இல்ல." நிதானம் கடிதத்தில் முதல் குற்றச்சாட்டின் மேல் கோடு கிழித்தார். "ரஃப் பேப்பர் போச்சு. அடுத்தது, எட்டிப் பாத்து எழுதினது. கேள்வி வரிசை ஆளுக்கு ஆள் மாறும்னு இவங்களே எழுதியிருக்காங்க. உங்களுக்குப் பன்னிரண்டாவதா வந்தது அவருக்கு மூணாவதா வந்திருக்கு. எட்டிப் பாத்தாலும் உருப்படாது. அதுவும் போச்சு."

நர்ஸின் முகத்தில் லேசாகத் தெளிவு வந்தது.

"ஆனா மூணாவது நகரமாட்டேங்குதே சிஸ்டர். ரெண்டு பேர் ஒரே மாதிரி சரியா எழுதலாம், சரியான விடை ஒண்ணுதான். ஒரே மாதிரி தப்பா எழுதினா ஏன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வியப் படிக்கிறேன், கேளுங்க. ஒரு பெட்டியில சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் இருக்கு. சிவப்பு எத்தனை? தகவல் ஒண்ணு, சிவப்புக்கும் நீலத்துக்கும் விகிதம் மூணுக்கு நாலு. தகவல் ரெண்டு, மொத்தப் பந்துகள் முப்பதுக்கு மேல, நாற்பதுக்குக் கீழ. நீங்க 'சேர்ந்தாலும் போதாது'ன்னு போட்டிருக்கீங்க. ஏன்?"

"மூணுக்கு நாலுன்னா மொத்தம் ஏழோட மடங்கா இருக்கணும் சார். அப்படிப் பாத்தா முப்பத்தஞ்சு வரும், நாற்பத்திரண்டு வரும், நாற்பத்தொன்பது வரும். எதுன்னு சொல்ல முடியாது. அதான் போதாதுன்னு..."

நிதானம் பென்சிலை உருட்டுவதை நிறுத்தினார்.

"நாற்பதுக்குக் கீழன்னு நான் இப்பத்தான் படிச்சேன். நாற்பத்திரண்டு எங்கேருந்து வந்துச்சு?"

நர்ஸ் கடிதத்தை இழுத்துக் கேள்வியைப் பார்த்தாள்.

"முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவுல ஏழோட மடங்கு முப்பத்தஞ்சு ஒண்ணுதான். அப்ப விடை கிடைச்சிடுது. நீங்க ஐம்பது வரைக்கும் எண்ணியிருக்கீங்க. அந்த ஐம்பதை எங்க பாத்தீங்க?"

"நோட்ஸ்ல" என்றாள் அவள் மெல்ல. "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடையில ஒரு நோட்ஸ் கிடைக்கும் சார். கையெழுத்துல இருக்கும். அதைத்தான் மூணு வருஷமாப் போட்டுப் பாத்தேன். அதுல பந்துக் கணக்கு ஐம்பதுக்குக் கீழன்னு வரும். பரீட்சையில கேள்வியப் பாத்ததும் தெரிஞ்ச கணக்காச்சேன்னு... எண்ணை முழுசாப் படிக்காம தொட்டுட்டேன்."

"அந்த நோட்ஸ் இப்ப எங்க?"

"என் நாத்தனாருக்குக் குடுத்தேன். அவளும் இதே தேர்வு எழுதினா, வேற சென்டர்ல. நாற்பத்தோராவது ரேங்க். பரீட்சை முடிஞ்சதும் பழைய பேப்பரோட போட்டுட்டா."

விசில் குடையை எடுத்தாள். "மெக்கானிக்கைப் பாக்கணும். அதானே சார்?"

* * *

ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. மூச்சு வாங்க ஐந்தாவது மாடிக்கு ஏறி வந்தால், தரையோடு தரையாக ஒரு தலை மட்டும் தெரிந்தது.

"தம்பி, மீதி உடம்பு எந்த மாடியில இருக்கு?" என்றாள் விசில்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வயதிருக்கும். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நான் யாரையும் பாத்து எழுதல சார். அந்த அக்கா என்னைப் பாத்தாங்களான்னும் தெரியாது. எங்க மேனேஜர் தினம் கேக்கறாரு, உன் பேர் கெட்டுப்போச்சாமேன்னு. நாலு பேர் ஏறி இறங்கற லிஃப்ட்டை ஏமாத்தறவன் கையில குடுக்கலாமான்னு கேக்கறாரு. நான் என்ன சொல்றது?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும். பந்துக் கணக்கு. பெட்டியில மொத்தம் எத்தனை பந்து இருக்கலாம்?"

யோசிக்கவே இல்லை அவன். "முப்பத்தஞ்சு, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்பது."

நிதானமும் விசிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுல படிச்சீங்க?"

"பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடை..."

அதற்குள் விசில் படியில் இறங்க ஆரம்பித்திருந்தாள். "தம்பி, மூணே முக்காலுக்கு வாரியத்து வாசல்ல நில்லுங்க. கையைக் கழுவிட்டு வாங்க!"

* * *

ஜெராக்ஸ் கடைக்காரர் பழைய கோப்புகளின் அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை உருவி எடுத்தார். அறுபத்து நாலு பக்கம். எறும்பு வரிசை போல அழகான கையெழுத்து.

"யாரு எழுதினது?"

"யாரோ ஒரு வாத்தியார் சார். ஏழெட்டு வருஷம் முன்னால டியூஷன் எடுத்துக்கிட்டிருந்தாரு. பசங்களுக்குக் காப்பி போட்டு வாங்கிட்டுப் போனாரு, ஒரு காப்பி மட்டும் இங்கயே விட்டுட்டாரு. அப்புறம் யார் கேட்டாலும் போட்டுக் குடுக்கறேன்."

பத்தொன்பதாம் பக்கத்தில் பந்துப் பெட்டி இருந்தது. முப்பதுக்கு மேல், ஐம்பதுக்குக் கீழ். விடை: சேர்ந்தாலும் போதாது.

விசில் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். தெருவில் போன ஒரு ஆட்டோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்றது.

"முடிஞ்சுது சார்! ரெண்டு பேரும் ஒரே நோட்ஸ். ரெண்டு பேரும் ஒரே அவசரம். காப்பி அடிக்கல, கண்ணைத்தான் சரியாத் திறக்கல. போலாமா?"

நிதானம் 'இரு' என்று கையைக் காட்டினார். கடிதத்தோடு இணைத்திருந்த கேள்விகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் நோட்ஸைப் புரட்டினார். தொட்டியும் குழாயும் வரும் கணக்கு, இருபத்திரண்டாம் பக்கம். அண்ணன் தம்பி வயசு, முப்பதாம் பக்கம். முக்கோணம், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். பிறகு கடைக்காரரின் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார்? ஜெயிச்ச மூஞ்சி மாதிரியே இல்லையே?"

"பதினஞ்சும் இருக்கு விசில். பதினஞ்சு கேள்வியும் இதுலேருந்து எடுத்தது. எண்ணை மட்டும் அங்கங்க மாத்தியிருக்காங்க. பதினாலுல எண்ணை மாத்தியும் விடை மாறல. பந்துக் கணக்குல மட்டும் ஐம்பதை நாற்பதாக்கினதும் விடை மாறிப்போச்சு. அதுலதான் ரெண்டு பேரும் மாட்டினாங்க."

"அதனாலதான் பதினோரு நிமிஷமா? எல்லாம் பழகின கணக்கு."

"ஆமா. யோசிச்சுப் பாரு. கேள்வி முன்னாடியே கடையில கிடைச்சிருக்கு. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு ஆயிடும். தேர்வு செல்லுமா?"

விசில் போய், நின்றிருந்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

* * *

வாரியத்துப் படிக்கட்டில் நிதானம் நர்ஸிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். மெக்கானிக் இரண்டு படி கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"குடுத்தா உங்க ரெண்டு பேர் பேரும் சுத்தமாயிடும். ஆனா தேர்வையே ரத்து பண்ணுவாங்க. மறுபடி எழுதணும்."

"எப்ப?"

"அடுத்த வருஷம்."

"எனக்கு வயசு தாண்டிடும் சார்."

"தெரியும்."

"குடுக்கலைன்னா?"

"உங்க ரெண்டு பேருக்கும் மூணு வருஷத் தடை. வேலை பாக்கற இடத்துக்குக் கடிதம் போகும். தேர்வு செல்லும். தேறின மத்தவங்க சேர்ந்துடுவாங்க."

நர்ஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிப் பாத்தாலும் எனக்கு சீட் இல்ல."

"இல்லம்மா."

"வேற வழி எதுவும்..."

"தேடித் தேடிப் பாத்துட்டேன்." பொய்யை உடைப்பதற்குத்தான் அவருக்கு வழி தெரியும். இங்கே உடைக்கப் பொய்யே இல்லை.

"என் நாத்தனாரும் பாஸாயிருக்கா சார். அவ ஒவ்வொரு கணக்கையும் எழுதிப் பாத்துப் போடுவா. பந்துக் கணக்கைக்கூடச் சரியாப் போட்டுட்டா. அவ மாமியார் முதல் தடவையா அவளைப் பத்தி நாலு பேர்கிட்ட நல்லதாச் சொல்லிக்கிட்டிருக்காங்க." நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் தெரிஞ்ச கணக்கா வந்தப்ப நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா சார்? நல்லாப் படிச்சிருக்கோம்னு நெனச்சேன்."

மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையைக் கழுவியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் மிச்சமிருந்தது.

"நீங்க சொல்லுங்க தம்பி."

"நான் சொன்னா எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும் சிஸ்டர்" என்றான் அவன். "நீங்க எது செஞ்சாலும் சரி."

விசில் அவள் தோளில் கை வைத்தாள்.

நர்ஸ் நோட்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கதவைத் தள்ளி அவளே முதலில் உள்ளே போனாள்.

* * *

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி. வலப்பக்கம் குறிப்பெடுக்கும் அதிகாரி. இடப்பக்கம் நரைத்த மீசையோடு ஒரு நிபுணர்.

நிதானம் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். தலைவி பத்தொன்பதாம் பக்கத்தையும் கேள்வித்தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இருபத்திரண்டாம் பக்கம். முப்பதாம் பக்கம். அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"இந்தக் கணக்குப் பகுதிக்குக் கேள்வி எடுத்தது யாரு?" என்று அதிகாரியிடம் கேட்டார்.

அதிகாரி இடப்பக்கம் பார்த்தார்.

நிபுணர் கையை நீட்டி நோட்ஸை வாங்கினார். முதல் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது என் கையெழுத்து" என்றார்.

அதிகாரி குறிப்பெடுப்பதை நிறுத்தினார்.

"டியூஷன் எடுத்த காலத்துல எழுதினது. இந்தத் தடவை ரெண்டே நாள்தான் டைம் குடுத்தாங்க. மனைவிய ஆஸ்பத்திரியில சேத்திருந்தேன். என் பழைய நோட்டுதானே, அதுவும் வீட்டுப் பரண்ல கிடக்கறது, யாருக்குத் தெரியப்போகுதுன்னு எண்ணை மாத்திக் குடுத்துட்டேன். ஒரு காப்பி கடையில தங்கிடுச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல." அவர் நர்ஸைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பு என்னுதும்மா."

அவரைத் திட்டலாம் என்று வாயெடுத்த விசில், கூப்பிய கையைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள்.

"அந்தப் பகுதியை மட்டும் எடுத்துட்டு மீதி மார்க்கை வெச்சுக்க முடியாதா மேடம்?" என்று கேட்டார் நிதானம்.

"மூணுல ஒரு பங்கு மார்க் அது. எடுத்தா ரேங்க் எல்லாம் தலைகீழா மாறும். அதோட, கேள்வி வெளியில கிடைச்சிருந்தா முழுத் தேர்வும் ரத்துன்னு விதி தெளிவா இருக்கு, அறிவிப்பை இன்னிக்கே ஒட்டணும்." தலைவி நர்ஸின் பக்கம் திரும்பினார். "உங்க ரெண்டு பேர் மேலயும் எந்தத் தப்பும் இல்லைன்னு இப்பவே எழுதித் தரேன். உங்க பிறந்த தேதி என்னம்மா?"

நர்ஸ் சொன்னாள். தலைவி நாட்காட்டியைப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இருபத்துமூணு நாள்" என்றார். "அடுத்த தேர்வப்போ இருபத்துமூணு நாள் தாண்டியிருக்கும்."

"தப்பு உங்க பக்கம்தானே மேடம்?" விசிலின் குரல் உயர்ந்தது. "இருபத்துமூணு நாளை விட்டுக்குடுக்கக் கூடாதா?"

"எழுதிக் கேக்கறேம்மா. போன தடவை ரெண்டு பேருக்குக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. என் கையில இருக்கறது இந்தப் பேனா மட்டும்தான்."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மெக்கானிக்கும் வாங்கிக்கொண்டான். "நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே தலைகுனிந்தான்.

* * *

வாசலில் அன்றுதான் சேர்க்கைப் பட்டியல் ஒட்டிய பலகை முன்னால் கூட்டம். தேறியவர்கள் தங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் விரல் வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அப்பா ஃபோனில் சத்தமாக, "நூத்திப் பதினேழு! நம்ம பொண்ணு நூத்திப் பதினேழு!" என்று யாருக்கோ திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"அண்ணி!"

நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "நாலு மணிக்கு விசாரணைன்னு சொன்னீங்களே, வீட்டுல இருப்புக்கொள்ளல. என்னாச்சு?"

"என் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"எனக்குத் தெரியும் அண்ணி! எனக்குத் தெரியும்!" அவள் நர்ஸைக் கட்டிக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்தே படிக்கப் போறோம் பாருங்க. அண்ணன்கிட்ட நான்தான் முதல்ல சொல்லுவேன்."

நர்ஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வாயைத் திறந்தால் எது வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. நிதானம் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டடத்துக்குள்ளிருந்து குமாஸ்தா வந்தார். ஒரு கையில் பசை டப்பா, மறு கையில் பெரிய வெள்ளைத்தாள். எழுத்து உட்பக்கமாக மடிந்திருந்தது. கூட்டம் வழிவிட்டது. பலகையில் பசையைத் தடவித் தாளை விரித்தபோது காற்று அதைத் தூக்கி அவர் முகத்திலேயே அடித்தது. மறுபடி விரித்தார். மறுபடி பறந்தது.

குமாஸ்தா பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார்.

"அம்மா, அந்த மூலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

நர்ஸ் நாத்தனாரின் கையை மெல்ல எடுத்துவிட்டாள். ஒரு அடி முன்னால் வந்து, தாளின் மூலையைக் கட்டைவிரலால் பலகையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.